ரெபிபியாவின் சீசரும் புதுக்கோட்டையின் கோவலனும்

ஒரு மேசைக்கு முன்னால் கைதிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்கிறார்கள். பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், தந்தை பெயர், முகவரி ஆகியவற்றைச் சொல்லச் சொல்கிறார் இயக்குநர். ஆனால் இரண்டு முறை சொல்ல வேண்டும். முதல் முறை, எல்லைச் சாவடியில் மனைவியைப் பிரிந்து நிற்பவனாக அழுதுகொண்டே. இரண்டாம் முறை, இதையெல்லாம் ஏன் கேட்கிறீர்கள் என்ற கோபத்தோடு. தவியானி சகோதரர்கள் எடுத்து 2012இல் வெளிவந்த இத்தாலியப் படமான ‘சேசரே தேவே மொரிரே’வில், அதாவது ‘சீசர் சாக வேண்டும்’ படத்தில், நடிகர் தேர்வு இப்படித்தான் நடக்கிறது. காவல் நிலையத்தில், நீதிமன்றத்தில், சிறை வாசலில் என்று இவர்கள் சொல்லிச் சொல்லிச் சலித்த விவரங்கள்தாம் அவை. பதிவேட்டுக்காரர் எழுதிக்கொள்வதற்காகவே அதுவரை அவற்றைச் சொன்னார்கள். இங்கே அதே விவரங்களை அழுகையாகவும் சினமாகவும் மாற்றும் உரிமை அவர்களிடம் வந்து சேர்கிறது. சிறை நாடகம் பற்றி நான் படித்த பல விளக்கங்களைவிட அந்தச் சில நிமிடங்கள் எனக்கு அதிகம் கற்றுத் தந்தன.

ரோம் நகரின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது ரெபிபியா சிறை. அதன் உயர் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர்களில் பலர் மாஃபியா, கமோரா போன்ற கூட்டங்களின் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்கள். ஆயுள் கைதிகளும் உண்டு. அங்கே நாடகப் பயிற்சி நடத்திவந்தவர் ஃபாபியோ கவல்லி. தாந்தேயின் காவியத்தைக் கைதிகள் நிகழ்த்துவதைப் பார்க்கப் போன தவியானி சகோதரர்கள், இவர்களை வைத்துப் படம் எடுப்பது என்ற முடிவோடு வெளியே வந்தார்கள். விட்டோரியோவுக்கும் பாவ்லோவுக்கும் அப்போது வயது எண்பதை ஒட்டி. தேர்ந்தெடுத்த நாடகம் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’. மேடையில் புரூட்டஸ் மடியும் காட்சி வண்ணத்தில் தொடங்குகிறது. கைதட்டல் ஓய்ந்து கதவுகள் பூட்டப்பட்டதும் படம் ஆறு மாதம் பின்னோக்கிப் போய்க் கறுப்பு வெள்ளையாகிறது. சிறை அரங்கில் பழுதுபார்ப்பு வேலை நடப்பதால் ஒத்திகைகள் அறைகளிலும் நடைக்கூடங்களிலும் முற்றத்திலும் நடக்கின்றன. மொத்தம் 76 நிமிடம். அந்த ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது இதற்குத்தான் கிடைத்தது.

விருதைவிட முக்கியமான ஒன்று ஒத்திகையின் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. நேப்பிள்ஸ்காரர் நேப்பிள்ஸ் பேச்சில், சிசிலிக்காரர் சிசிலிப் பேச்சில், அவரவர் வீட்டில் பேசியபடியே வசனம் பேச வேண்டும் என்பதுதான் நடிகர்களுக்குச் சொல்லப்பட்டது. பள்ளிப் பாடநூலின் இத்தாலியத்தில் பேசியிருந்தால் சீசர் அவர்களுக்கு எட்டாத ஒரு சிலையாகவே நின்றிருப்பான். சொந்தப் பேச்சில் வந்தபோதுதான் கூட்டத் தலைவனைக் கூட்டாளிகளே தீர்த்துக்கட்டும் கதை என்பது அவர்களுக்கு உறைத்தது. காசியஸாக நடித்த கோசிமோ ரேகா, இந்த ஷேக்ஸ்பியர் என் ஊர்த் தெருவில் வாழ்ந்தவர் போலிருக்கிறதே என்ற பொருளில் வியந்துபோகிறார். புரூட்டஸாக நடித்தவர் சல்வத்தோரே ஸ்ட்ரியானோ. சீசரின் உடலைக் கிழிக்காமல் அவன் உள்ளிருக்கும் ஆவேசத்தை மட்டும் பறித்துவிட முடியாதா என்று புரூட்டஸ் ஏங்கும் இடத்தில் அவருக்கு வசனம் வரவில்லை. பழைய நண்பன் ஒருவன் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்து நிறுத்திவிடுகிறார். ஸ்ட்ரியானோ உண்மையில் 2006இலேயே விடுதலையாகிவிட்டவர். நடிகராகி, இந்தப் படத்துக்காக மறுபடி அந்தச் சிறைக்குள் போனவர்.

ஒரு செய்தியை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தற்செயலாக நடப்பவைபோலத் தோன்றும் பல காட்சிகள் இயக்குநர்கள் திட்டமிட்டு எழுதியவை. ஒத்திகைக்கு நடுவே வெடிக்கும் சச்சரவும், வசனம் மறந்து தடுமாறுவதும்கூட நடிக்கப்பட்டவைதாம். இதனால் படம் பொய்யாகிவிட்டது என்று நான் கருதவில்லை. தன் வாழ்க்கையிலிருந்து எடுத்த தடுமாற்றத்தைத் திரும்பச் செய்துகாட்ட ஒருவரால் முடிகிறது என்றால், அந்தத் தடுமாற்றம் அவர் கைக்குள் வந்துவிட்டது என்று பொருள். படத்தின் வேறொரு குறை இதைவிடப் பெரியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சீசர் நாடகம் சிறைக்குள் போனது இது முதல் தடவை கிடையாது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் 1970களில் இருந்தவர் சன்னி வெங்கடரத்தினம். இந்திய வம்சாவளியினர். ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பு ஒன்றை அவர் வைத்திருந்தார். காவலர் பறித்துவிடாமலிருக்க, வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளின் சாமிப் படங்களை அதன் மேல் ஒட்டி, இது எங்கள் வேதநூல் என்று சொல்லிக் காப்பாற்றினார். அந்த நூல் அறை அறையாகச் சுற்றியது. பிடித்த பகுதிக்குப் பக்கத்தில் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16ஆம் தேதியிட்டுக் கையெழுத்திட்டது ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், சாவுக்கு அஞ்சுவது பற்றிச் சீசர் பேசும் இடத்தில். ஒரே நாடகத்தில் ரெபிபியாக் கைதிகள் துரோகத்தைக் கண்டார்கள். ராபன் தீவுக் கைதி அஞ்சாமையைக் கண்டார். படிப்பவர் வாழ்க்கை எதுவோ அதையே நாடகம் எடுத்துக் கொடுக்கிறது.

இந்தியாவிலும் இதற்கு வலுவான முன்மாதிரிகள் உண்டு. மைசூர் ரங்காயணம் நாடக நிறுவனத்தைச் சேர்ந்த ஹுலுகப்பா கட்டிமணி 1990களின் பிற்பகுதியிலிருந்து கர்நாடகச் சிறைகளில் வேலை செய்திருக்கிறார். மெக்பெத்தைத் தழுவி எச்.எஸ். சிவப்பிரகாஷ் கன்னடத்தில் எழுதிய ‘மாரநாயகன த்ருஷ்டாந்த’ நாடகத்தை ஆயுள் கைதிகளைக் கொண்டு நடத்தினார். அவர்கள் சிறைக்கு வெளியே பொது அரங்குகளிலும் நடித்தார்கள். கொல்கத்தா பிரசிடென்சி சிறையில் நடனக் கலைஞர் அலகானந்தா ராய், தாகூரின் ‘வால்மீகி பிரதிபா’வை எடுத்துக்கொண்டார். வழிப்பறிக் கொள்ளைக்காரன் கவிஞனாகும் கதை அது. வால்மீகியாக நடித்த நைஜல் அக்காரா விடுதலையான பிறகு, அந்த அனுபவத்தைத் தழுவி எடுத்த ‘முக்தோதாரா’ வங்காளப் படத்தில் நாயகனானார். அதுவும் 2012தான்.

இந்த எடுத்துக்காட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் ஒன்று புலப்படுகிறது. எங்கெல்லாம் சிறை நாடகம் உயிரோடு வந்ததோ, அங்கெல்லாம் ‘திருந்துங்கள்’ என்று உபதேசிக்கும் நாடகம் எடுத்துக்கொள்ளப்படவில்லை. கைதியின் வாழ்க்கையைத் தொடும் பெரிய நாடகம், அவர் பேச்சிலேயே நிகழ்த்தப்பட்டது. சிறைக்குள் நாடகம் என்றதும் நம் ஊரில் பலருக்கும் மதுவின் தீமை, பெற்றோர் சொல் கேளாதவன் கெட்டது என்கிற அரை மணிநேர விழிப்புணர்வு நாடகம்தான் நினைவுக்கு வருகிறது. அதை நடிப்பவருக்கு அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது, அவருக்கு எதிராக.

இந்த இடத்தில்தான் புதுக்கோட்டையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

புதுக்கோட்டையில் பார்ஸ்டல் பள்ளி இருக்கிறது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள பார்ஸ்டல் என்ற ஊரில், இளைய குற்றவாளிகளை மற்றக் கைதிகளோடு அடைக்காமல் தனியே வைத்துப் பயிற்சி கொடுக்கும் முறை 1902இல் தொடங்கியது. அந்த ஊர்ப் பெயரே முறைக்கும் பெயராகிவிட்டது. நமக்கு அது 1925ஆம் ஆண்டின் மெட்ராஸ் பார்ஸ்டல் பள்ளிகள் சட்டத்தின் வழியாக வந்தது. சட்டம் எழுதப்பட்டபோது வயது வரம்பு 16 முதல் 21. சிறார் நீதிச் சட்டங்கள் வந்தபிறகு நடைமுறையில் அது 18 முதல் 21 என்றாகிவிட்டது. அங்கே வைக்கப்படும் காலம் இரண்டு ஆண்டுக்குக் குறையாமலும் ஐந்து ஆண்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தண்டிப்பதைவிடப் பழக்குவதற்கென்றே உண்டாக்கப்பட்ட இடம் அது.

அதே ஊரில் நாடக நடிகர் சங்கமும் இருக்கிறது. மதுரை, திண்டுக்கல், காரைக்குடியைப் போலப் புதுக்கோட்டையும் ஸ்பெஷல் நாடகத்தின் தலங்களில் ஒன்று. ஆலங்குடி, திருமயம், அறந்தாங்கி, கந்தர்வகோட்டைப் பக்கத்துக் கிராமங்களின் கோயில் திருவிழாவில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகங்களில் இந்த ஊர்க் கலைஞர்களைப் பார்க்கலாம். இதன் அமைப்பு வியப்பானது. நிரந்தரக் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் அந்த ஓர் இரவுக்குத் தனித்தனியே பேசி அழைக்கிறார்கள். வள்ளியும் முருகனும் மேடைக்குப் பின்னால் முகப்பூச்சு போடும் நேரத்தில்தான் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள். ஒத்திகை இல்லை. இது எப்படிச் சாத்தியமாகிறது? பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் பொதுச் சொத்து. வசனத்தையும் தர்க்கத்தையும் அவரவர் பேச்சில், அன்றைய கூட்டத்துக்கு ஏற்ப, அங்கேயே உண்டாக்குகிறார்கள். ஸ்பெஷல் நாடகத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து நூல் எழுதிய மானுடவியலாளர் சூசன் சைசர், இக்கலைஞர்கள் சுமக்கும் சமூக இழிவையே தம் நூலின் மையமாக்கினார். ஊரின் மரியாதைக் கணக்கில் ஓரமாக வைக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை இவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரெபிபியாவில் கைதிகளுக்குத் தனிச் சலுகையாகத் தரவேண்டியிருந்த ஒன்று, பெரிய கதையை உன் பேச்சிலேயே பேசு என்பது, புதுக்கோட்டை இரவு மேடையில் நூறாண்டாக நடந்துவரும் சாதாரண வழக்கம். தவியானிகள் கண்டடைந்த முறை நம் மண்ணில் மரபாகவே இருக்கிறது. ஒரே ஊரில் இருக்கும் அந்த மரபும் அந்தப் பள்ளியும் ஆறு மாதம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இந்த மரபின் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். அவருடைய தாள அறிவும் சந்த வளமும் உரம் பெற்றது புதுக்கோட்டையில். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை அவரைப் பிள்ளைபோல வைத்துப் போற்றினார். நடிகராக இருந்த காலத்தில் சுவாமிகள் ஏற்றவை இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் போன்ற அஞ்சத்தக்க வேடங்கள். சனீஸ்வரனாக நடித்துவிட்டு விடியற்காலையில் ஒப்பனையோடு நீர்நிலைக்குப் போனபோது அந்தக் கோலத்தைக் கண்ட பெண்ணொருத்தி அதிர்ச்சியில் இறந்துபோனாள், அன்றோடு அவர் நடிப்பதை விட்டார் என்று நாடக உலகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறது. கதை எவ்வளவு உண்மையோ, அதைச் சொல்லிவரும் கலைஞர்கள் நம்புவது இதைத்தான்: வேடம் தன்னளவில் நின்றுவிடாது, எதிரே இருப்பவருக்கு என்ன செய்கிறது என்பதற்கும் நடிகன் பொறுப்பு. இந்தப் பொறுப்புணர்வைச் சிறை நாடகத்தின் முதல் பாடமாக வைக்கலாம். சுவாமிகள் பிற்காலத்தில் சிறுவர்களைக் கொண்ட குழுக்களைப் பயிற்றுவித்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். மதுரையில் 1918இல் அவர் தொடங்கிய பால சபையில் வளர்ந்தவர்கள்தாம் டி.கே.எஸ். சகோதரர்கள்.

எந்த நாடகம்? அரிச்சந்திரன் உடனே மனத்தில் எழும். நாடும் மனைவியும் மகனும் போய், தன்னையே விற்று, சுடுகாட்டில் வேலை செய்பவனின் கதை. இந்தப் பகுதியில் மயான காண்டத்துக்கு இன்றும் கூட்டம் இருக்கிறது. ஆனாலும் என் தேர்வு சுவாமிகளின் ‘கோவலன்’. மேடைக் கோவலனில் நாட்டுப்புறக் கதையின் சாயலும் கலந்திருக்கிறது. பயிற்சி கொடுப்பவர் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் காதையைச் சட்டம் படிப்பவர்களும் படிக்க வேண்டும் என்பேன். அரசியின் ஊடலால் மனம் கலங்கிய அரசன் சிலம்புத் திருட்டை விசாரிக்காமல் ஆணையிடுகிறான். காவலர் போய்க் கோவலனைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சந்தேகம் வருகிறது, இவனைப் பார்த்தால் கொல்லத்தக்க கள்வனாகத் தெரியவில்லையே என்று. உண்மைக் கள்வனான பொற்கொல்லனோ கள்வர்கள் கையாளும் மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்று அடுக்கிப் பெரிய விளக்கமே கொடுக்கிறான். பேச்சு நீண்டுகொண்டிருக்கும்போதே கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். முகத்தைப் பார்த்துக் குற்றத்தை ஊகிப்பது, நிபுணன்போலப் பேசுபவன் சொல்லுக்கு எடை கூடிவிடுவது, யாரும் முடிவெடுக்குமுன் அடி விழுந்துவிடுவது என்று காவல் நிலையத்தின் ஓர் இரவு முழுவதும் அங்கே இருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்குக்கும் மேல், குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பு எழுதப்படாதவர்கள். இந்த நாட்டில் விசாரிக்கப்படாமல் வெட்டுண்டவனின் கதையைவிடச் சிறைக்கு நெருக்கமான கதை வேறெது? அந்தக் காப்பியத்திலேயே தவறாகச் சிறையிலடைக்கப்பட்ட இன்னொருவனும் இருக்கிறான். வார்த்திகன் என்ற அந்தணனை அடைத்ததும் கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. அரசன் பிழையை ஒப்புக்கொண்டு அவனை விடுவித்துச் சிறைகளையும் திறந்துவிடுகிறான். மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் செய்தது எல்லோரும் அறிந்தது. சிறையைப் பற்றி யோசிக்க நாம் ரோமுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

கோவலன் இந்த ஊருக்கும் அந்நியன் இல்லை. 1942இல் வந்த ‘கண்ணகி’ படத்தில் கோவலனாக நடித்தவர் பி.யு. சின்னப்பா. 1916இல் புதுக்கோட்டையில் பிறந்து, பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுவில் வளர்ந்து, 1951இல் புதுக்கோட்டையிலேயே மறைந்தவர். ‘கண்ணகி’க்கு இரண்டாண்டு முன்பு ‘உத்தம புத்திர’னில் இரட்டை வேடம் போட்டார். இரும்பு முகமூடி மாட்டிச் சிறை வைக்கப்படும் அரசகுமாரனும் அவற்றில் ஒருவன்.

இனி அந்தப் பெரிய குறைக்கு வருவோம். தவியானிகளின் படத்தில் பெண்கள் அநேகமாக இல்லை. ஷேக்ஸ்பியரிடம் இருக்கும் போர்ஷியாவும் கல்பூர்னியாவும் நீக்கப்பட்டுவிட்டார்கள், நடிப்பவர்கள் ஆண் கைதிகள் என்பதால். அமெரிக்காவின் சான் குவென்டின் சிறையில் 1957 நவம்பர் 19 அன்று சுமார் 1,400 கைதிகளுக்கு முன் சாமுவேல் பெக்கெட்டின் நாடகம் நடந்ததற்கும், அதில் பெண் பாத்திரம் இல்லாதது ஒரு காரணம். இப்படிப் பெண்ணை விலக்கியதில் ஒன்று தொலைந்துபோகிறது. குற்றத்தின் பின்விளைவைத் தாங்குபவர்கள் யாரும் மேடையில் இல்லை. கொல்லப்பட்டவனின் வீட்டாரைப் படம் நம் கண்ணில் காட்டவே இல்லை. கைதிகள்மேல் எழும் பரிவு நியாயமானது, ஆனால் ஒற்றைக் காலில் நிற்கிறது.

கோவலனில் இந்தத் தப்பித்தல் நடக்காது. கண்ணகியை நீக்கினால் நாடகமே இல்லை. ஆண்களே ஸ்திரீபார்ட் போடும் வழக்கமும் நமக்கு உண்டு. பாய்ஸ் கம்பெனிகள் அதில்தான் வளர்ந்தன. கொலைக் குற்றத்துக்காக உள்ளே இருக்கும் இருபது வயதுப் பையன் ஒருவன் கண்ணகியாக நின்று, என் கணவனை ஏன் கொன்றாய் என்று கேட்க வேண்டும். அவன் அதுவரை நீதிமன்றத்தில் எதிர்ப்பக்கத்தில் மட்டுமே கேட்ட கேள்வி அது. இன்னொருவன் பாண்டியனாக நின்று, தவறு தன்னுடையது என்று தெரிந்த கணத்தைத் தாங்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவன் தன் பிழைக்குத் தானே தீர்ப்பு எழுதுவதைக் கைதி நடித்துக்காட்டுகிறான், பார்வையாளராக உட்கார்ந்திருப்பவர்கள் சிறை அதிகாரிகளும் மாவட்ட நீதித்துறையினரும். இந்த எதிரெதிர் நிறுத்தத்தைத் தாங்கும் நாடகம் தமிழில் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். கோவலன் கதையில் வஞ்சகனாக வருபவன் ஒரு தொழிலின், அதன் வழியே ஒரு சாதியின் பெயரால் குறிக்கப்படுகிறான். ஊர் மேடையில் பபூன் அதை வைத்துப் பேசிவிடவும் கூடும். சிறையில் அது விபரீதமாகும். சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதையும் பிரித்து அடைப்பதையும் எதிர்த்துச் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று அவை அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்பட்டது. எனவே யாருக்கு அரசன் வேடம், யார் காற்சிலம்பைத் திருடுபவன் என்பது சின்ன விஷயமாக இருக்க முடியாது. ரெபிபியாவைப் போல எல்லோரையும் ஒரே சோதனைக்கு உட்படுத்தி வேடம் கொடுக்க வேண்டும். இங்கே அந்தச் சோதனை ஆர்மோனியத்தோடு நடக்கலாம், ஒரே விருத்தத்தை முதலில் கெஞ்சலாகவும் பிறகு சினமாகவும் பாடச் சொல்லி. பொற்கொல்லனை வெறும் ‘அரண்மனை ஆள்’ என்று மாற்றிக்கொண்டாலும் கதைக்கு ஒரு குறையும் வராது. பிரதியில் கைவைக்க ஸ்பெஷல் நாடகக் கலைஞருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

நடைமுறையில் தேவைப்படுபவை அதிகமில்லை. சிறைத்துறையின் அனுமதி. அரை ஆண்டுக்கு வாரம் மூன்று பிற்பகல். நடிகர் சங்கத்திலிருந்து ஓர் ஆசிரியர், ஓர் ஆர்மோனியக்காரர், ஒரு மிருதங்கக்காரர். அவர்களுக்கு முறையான சம்பளம். ஆடி கழிந்து திருவிழாக்கள் குறையும் மாதங்களில் இந்தக் கலைஞர்களுக்கு வேலை இருக்காது. பயிற்சியை அந்த மாதங்களில் வைத்தால் இரு பக்கமும் உதவும். பார்ஸ்டலில் குறைந்தபட்சக் காலமே இரண்டு ஆண்டு என்பதால், ஒத்திகை நடுவே நடிகர் மாறிப்போகும் தொல்லையும் விசாரணைக் கைதிகள் இருக்கும் சிறையில்போல இராது. விடுதலையான பின் யாராவது ஓரிருவர் ராஜபார்ட்டாகவோ டோலக் வாசிப்பவராகவோ சங்கத்தில் உறுப்பினராகலாம். ஓர் இரவு ஆட்டத்துக்கு அவரைப் பேசி அழைக்கும் திருவிழாக் கமிட்டியார் முதலில் கேட்பது குரல் எப்படி, எந்தெந்த நாடகம் தெரியும், எவ்வளவு வாங்குவார் என்பவையே.